உச்சிவேளைக் கழுகு

சாலையின் குறுக்கே நரி ஓடியதும் மைதீன் டாக்சியை நிறுத்தியே விட்டான். "அண்ணாத்த, பாத்தியா! நரி மொகத்துல முழிச்சாச்சு. இன்னிக்கு நீ நெனச்சது நடக்கும்!"

பின்சீட்டில் லோகநாயகியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலகநாதன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் நினைத்துக்கொண்டிருப்பது நடந்தால், கல்யாணமாகி மூன்றே மாதத்தில் பெண்டாட்டி பெட்டியைக் கட்டிவிடுவாள்.

காலையில் செங்கல்பட்டில் ஏறும்போது சந்தோஷமாகத்தான் ஏறினான். மாமல்லபுரத்திலிருந்து வெள்ளைக்காரர்களை அழைத்துவர மைதீன் காலி வண்டியாகப் போகிறான். பக்கத்து வீட்டுப் புது ஜோடி கடலைப் பார்க்கட்டுமே என்று அவனே கூப்பிட்டான். கொளவாய் ஏரியில் நாரைக்கூட்டம், காட்டோரம் கீரி, புதரடியில் உடும்பு என்று ஒன்று விடாமல் காட்டிக்கொண்டே வந்தான். வந்தவன் வாய் சும்மா இல்லாமல் கழுகுப் பேச்சை எடுத்தான்.

"திருக்கழுக்குன்றத்துல உச்சிவேளைக்கு டாண்ணு ரெண்டு கழுகு வரும். மலை மேல பண்டாரம் சக்கரைப் பொங்கல் வெப்பாரு, தின்னுட்டுப் பூடும். ஆனா ஒண்ணு அண்ணாத்த, கூட்டத்துல பாவி எவனாச்சும் இருந்தா வரவே வராதாம்!"

"மலை ஏறணுமா? வேணாங்க, நேரா கடலுக்கே பூடலாம்" என்றாள் லோகநாயகி. படிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்த உலகநாதன் இதுதான் சாக்கென்று வேகமாகத் தலையாட்டினான். மைதீன் விட்டால்தானே?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். உலகநாதன் செய்த பாவம் ஒரே ஒரு இன்லண்டு கடிதம்.

லோகநாயகி டைப்ரைட்டிங் வகுப்புக்காக ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலேறுவாள். இரண்டு வருஷம் அதே ரயிலில் அவளைப் பார்த்துக்கொண்டே போனான். அவள் ஒரு நாள்கூட தலை நிமிர்ந்ததில்லை. திடீரென்று அவளுக்கு வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அவனுக்குப் புத்தி கெட்டது. 'பெண்ணுக்கு வலிப்பு உண்டு, ஜாக்கிரதை' என்று இடது கையால் எழுதி மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான்.

கல்யாணம் நின்றது. "கடுதாசி மேல கடுதாசி வந்துச்சாம்" என்று தரகர் ஊர் முழுக்கச் சொன்னார். தரகர் வாய், ஒன்றைப் பத்தாக்கும் என்று உலகநாதன் விட்டுவிட்டான். ஒரு வருஷம் பெண் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. பிறகு இவன் போய்ப் பெண் கேட்டான். 'என்ன பெரிய மனசு!' என்று ஊரே மெச்சியது. லோகநாயகி அவனைச் சாமியாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவனுக்கு இப்போது உலகம்.

மைதீன் மலையடிவாரத்தில் வண்டியோடு நின்றுகொண்டான். இவர்கள் ஐந்நூறு படிக்கு மேல் ஏறிப் பாறையருகே போனபோது கூட்டம் நெருக்கியடித்தது. பண்டாரம் பித்தளைப் பாத்திரத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உச்சிவேளை வந்தது. கழுகு வரவில்லை. பன்னிரண்டரை ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. குரங்குகளைத் தவிர எதையும் காணோம்.

"எவனோ மகாபாவி வந்துகீறான்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. எல்லாத் தலைகளும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. அத்தனை கண்ணும் தன் மேலேயே விழுவது போல இருந்தது உலகநாதனுக்கு. சாமி குத்தத்தோடு குடித்தனம் பண்ண முடியுமா? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

லோகநாயகியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான். அவளும் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாள்.

"லோகா, என்னாலதான் கழுகு வரல. வாலாஜாபாத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டவன் நான்தான். உன்னை வேற எவனுக்கோ கட்டிக் குடுக்கப் போறாங்கன்னு தாங்க முடியல. என்னை இன்னா வேணா பண்ணு."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அடியும் உதையும் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கூட்டம் கூவியது. மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெள்ளைக் கழுகு பாறையில் இறங்கியது. பண்டாரம் வைத்த பொங்கலைக் கொத்தித் தின்றது.

உலகநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "பாத்தியா லோகா, சொல்லிட்டேன், வந்துடுச்சு. சாமியே மன்னிச்சுட்டாரு. நீயும் மன்னிச்சுடு."

பண்டாரம் இரண்டாவது உருண்டையை வைத்துவிட்டு மறுபடி வானத்தைப் பார்த்தார். அந்த உருண்டை அப்படியே கிடந்தது.

"எப்பவும் ஜோடியாத்தானே வரும். இன்னொண்ணு எங்க?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

லோகநாயகி அவன் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். அவள் கை ஐஸாக இருந்தது. முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

"இன்னா லோகா? இன்னா ஆச்சு?"

"அது வராதுங்க" என்றாள். "மொதக் கடுதாசி போட்டவ நான்தான்."