சட்டி வழித்த மரியாதை

கிறிஸ்துராஜா குடும்பம் தொண்டு செய்யப் போய்க் கொழுத்து வந்திருக்கிறது என்ற செய்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் பார்க்கிங் என்ற அந்த வெள்ளைக்கார ஊர் முழுவதும் பரவிவிட்டது.

பரப்பியது வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த அக்கா மேரிசாந்திதான்.

"தம்பியின்ரை பெல்ட்டைப் பாத்தனீங்களோ? கடைசி ஓட்டையையும் தாண்டிப் புதுசா ஒண்டு போட்டிருக்கிறான். பசிபிக் கடலுக்கு நடுவில ஒரு ஏழைத் தீவு. அங்க உதவி செய்யப் போனவன் இப்பிடியோ திரும்பி வாறது?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பங்குக் கோயில், விடுமுறைக்கு ஒரு குடும்பம் என்று அந்தத் தீவுக்கு அனுப்பி வைக்கிறது. கோடையில் போனது இவர்கள். கிறிஸ்துராஜா பள்ளிக்கூடத்துக்கு வயறிங் செய்தானாம், மனைவி றோஸ்மலர் தையல் பழக்கினாளாம், பிள்ளைகள் கிருசாந்தனும் பிறேமினியும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்களாம். எல்லாம் கேள்விதான். வட்ஸ்அப்பில் வந்த படங்களிலோ நாலு பேரும் பாயில் சம்மணம் கட்டிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குப் போகவேண்டியது மேரிசாந்தியும் கணவர் மரியதாஸும். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்டறிய வேண்டுமே! றோஸ்மலர் சாப்பாட்டுக்கு அழைத்ததும் இருவரும் உடனே வந்துவிட்டார்கள்.

மேசையில் நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, சட்டியோடு சோறு. சாப்பாட்டுக் கோப்பைகள் மட்டும் இரண்டு.

"றோஸ்மலர், நீரும் இருமன்."

"நீங்கள் சாப்பிடுங்கோ மச்சாள். நாங்கள் பிறகு."

"பிள்ளையள்?"

"நாங்கள் சாப்பிட்டிட்டம் மாமி," என்றான் கிருசாந்தன், நண்டைப் பார்த்தபடி.

நாலு பேரும் சுற்றி நின்றார்கள். பிறேமினி ஓலை விசிறி ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுக்கு மேலே விசிறத் தொடங்கினாள். பார்க்கிங்கில், பூட்டிய வீட்டுக்குள், ஈ ஏது?

"தீவுக்குப் போனதிலயிருந்து இவைக்கு எங்களோட இருந்து சாப்பிட ஏலாதாக்கும்," என்று மேரிசாந்தி கணவரின் காதுக்குள் சொன்னாள். சொன்னாளே தவிர, கை நிற்கவில்லை. றோஸ்மலரின் நண்டுக் கறியை முன்னால் வைத்துக்கொண்டு கோபிக்க யாரால் முடியும்?

மரியதாஸ் இரண்டாம் தரம் சோறு போட்டபின் மெல்ல பெல்ட்டைத் தளர்த்தினார்.

"எனக்குக் காணுமப்பா."

"சட்டியில விடாதேங்கோ. ஆசையாச் சமைச்சவள், குறை நினைப்பாள்," என்றாள் மேரிசாந்தி.

நல்ல யாழ்ப்பாணத்து மரியாதை. மனுசன் மூச்சு வாங்க வாங்கக் கணவாயை முடித்தார். மேரிசாந்தி கத்தரிக்காய்ச் சட்டியை வழித்தாள். கடைசி நண்டுக்காலை இருவரும் பாதி பாதியாக உடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துக் கிருசாந்தன் ஒரு பெருமூச்சு விட்டான். ஈக்குப் பதிலாக அந்தப் பெருமூச்சை விசிறிக் கலைத்தாள் தங்கச்சி.

"அருமையான சாப்பாடு," என்று வாயார வாழ்த்திவிட்டு, கை கழுவிய மேரிசாந்தி தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்தாள். நாலு பேரும் வெறும் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தண்ணீர் விடாய்த்தது. எழும்பிக் குசினிக் கதவைத் திறந்தாள்.

நாலு பேரும் நின்றபடி வெறும் பாண் ரொட்டியைப் பிய்த்துப் பால் விடாத பிளேன்ரீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னடி இது? சாப்பிட்டாச்சு எண்டு சொன்னனீங்கள்!"

"கணவாயிலயாவது கொஞ்சம் விடுவீங்கள் எண்டு நினைச்சன் மாமி," என்றான் கிருசாந்தன்.

"இட்ஸ் ஓகே மாமி," என்றாள் பிறேமினி, பாணை விழுங்கி.

மேரிசாந்திக்கு முகம் கறுத்துப்போயிற்று. "எங்களை வெக்கப்படுத்தவோ கூப்பிட்டனீர்?"

"இல்லை மச்சாள்." றோஸ்மலர் தேநீர்க் கோப்பையை வைத்தாள். "நாங்கள் இருந்த வீட்டில, விருந்தாளி எழும்பின பிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிடுவினம். மிச்சம் இருக்கிறதுதான் அவையின்ரை சாப்பாடு. எங்களுக்கு அது தெரியாது. மிச்சம் விட்டால் மரியாதை இல்லையெண்டு ஒவ்வொரு நாளும் சட்டியை வழிச்சுப்போட்டு எழும்பினம். அவையும் சிரிச்சுக்கொண்டு விசிறிக்கொண்டு நிண்டவை. கடைசி நாள் பிறேமினி சாப்பிட்ட கோப்பையைக் குடுக்கப் பின்பக்கம் போனவள். அங்க தாயும் பிள்ளையளும் வெறும் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டு இருந்தவை."

"அவை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நாங்கள் இப்ப உங்களுக்குச் சொன்னனாங்களோ மச்சாள்? விருந்தாளிட்டை எப்பிடிச் சொல்லுறது?"

மேரிசாந்திக்குப் பின்னால் வந்து நின்ற மரியதாஸ், தளர்த்திய பெல்ட்டைச் சேர்ட்டால் மூடினார்.

"நத்தாருக்குப் போகேக்க கொஞ்சம் மிச்சம் விட்டிட்டு எழும்புங்கோ. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டனாங்கள். வாயால சொன்னால் விருந்தில மறந்துபோகும்," என்றாள் றோஸ்மலர்.

கிறிஸ்துராஜா, கடைசித் துண்டுப் பாணை மகனிடம் கொடுத்துவிட்டுத் தன் தொப்பையில் கை வைத்தான்.

"கோயிலில நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. இது அந்தப் பிள்ளையளின்ரை சாப்பாடு."