பத்துக்குப் பத்து

லிஃப்ட் குலுங்கி நின்றபோது நர்ஸுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஏழாவது மாடிப் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்நேரம் வந்து உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது முறை குலுங்கியபோது பயம் வந்தது. விளக்கு அணைந்தது. தலைக்கு மேலே எங்கோ இரும்போடு இரும்பு உரசியது. போனில் சிக்னல் இல்லை.

கதவை இரண்டு கையாலும் தட்டினாள். "யாராவது இருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து மேலே கதவிடுக்கு நாலு விரல் அகலத்துக்கு விலகி, வெளிச்சம் விழுந்தது. ஐந்தாவது மாடித் தரை அவள் தலைக்கு மேலே இருந்தது. அந்தத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி கட்டட வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். காதில் போன்.

"சரி, சரி" என்று யாருக்கோ சொல்லிவிட்டுப் போனை வைத்தார். "நர்ஸம்மாவா? மெக்கானிக் வந்துட்டே இருக்காரு. நீங்க அப்படியே மெதுவா உட்காருங்க."

"உட்கார்றதா? கதவை நெம்பித் திறங்க, நான் ஏறி வந்துடறேன்."

"அதுக்குண்டான சாமானெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. உட்காருங்கம்மா. ஆமா, நேத்து சாயங்காலம் டிவியில வினாடி வினா பார்த்தீங்களா?"

சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று அவளுக்குச் சந்தேகம்.

"இல்ல."

"நல்ல போட்டியை விட்டுட்டீங்க. ஒரு பக்கம் ரிட்டயர்டான பூகோள டீச்சர். இன்னொரு பக்கம் பஸ் கண்டக்டர். அந்தம்மா கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்றாங்க. இவரு மோவாயைச் சொறிஞ்சுக்கிட்டே யோசிக்கிறாரு. ஆனா ரெண்டு பேரும் ஒன்பதுக்கு ஒன்பது."

சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இங்கே உயிர் போகிறது, இந்த ஆள் சொகுசாகப் படுத்துக்கொண்டு டிவி கதை சொல்கிறார்.

"மெக்கானிக் எங்க வர்றாருன்னு கேளுங்க."

"பாலத்துக்கிட்ட வந்துட்டாராம். அப்போ நடுவர் கேட்டாரு, உடம்புலயே சின்ன எலும்பு எங்க இருக்குன்னு. நீங்க நர்ஸாச்சே, சொல்லுங்க பார்ப்போம்."

"காதுல" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதேதான். கண்டக்டர் அதைச் சொன்னதும் ஒரே கைத்தட்டல். அடுத்த கேள்வியில டீச்சர் விடல. பத்துக்குப் பத்து."

லிஃப்ட் சரக்கென்று ஒரு சாண் இறங்கியது.

அவள் சுவரைப் பிடித்து எழப் போனாள்.

"எந்திரிக்காதீங்க."

அப்படி ஒரு அதட்டல். அடுத்த நொடியே குரல் இறங்கியது. "பதில் சொல்லிட்டு எந்திரிங்கம்மா. எட்டுக் கால் இருக்கிற பூச்சி எது?"

"எனக்குப் பயமா இருக்கு."

"கண்டக்டருக்கும் பயந்தான். முதுகெல்லாம் சட்டை நனைஞ்சு போச்சு. எட்டுக் கால் பூச்சி, சொல்லுங்க."

"சிலந்தி பூச்சியே இல்ல" என்றாள் அழுகைக்கு நடுவே. "பூச்சின்னா ஆறு கால்தான்."

"அதையேதான் டீச்சரும் சொன்னாங்க. நடுவருக்கு முகமே செத்துப் போச்சு. கேள்வியை ரத்து பண்ணிட்டாங்க. மறுபடியும் பத்துக்குப் பத்து."

இரும்பு உரசும்போதெல்லாம் வாட்ச்மேனின் குரலும் உயர்ந்தது. பதினொண்ணுக்குப் பதினொண்ணு. கண்டக்டரின் மனைவி கூட்டத்திலிருந்து சைகை காட்டி மாட்டிக்கொண்டாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. டீச்சருக்கு இருமல் வந்து போட்டியே நின்றது. இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் அவளும் பதில் சொன்னாள். வெளியே போனதும் முதல் வேலையாக இந்த ஆள் மேல் புகார் எழுத வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

பதினாலுக்குப் பதினாலு எனும்போது படியில் தடதடவென்று காலடி கேட்டது.

மெக்கானிக் மேலிருந்து சங்கிலி போட்டு லிஃப்டைக் கட்டினார். கதவை நெம்பித் திறந்து ஏணி இறக்கினார். அவள் தவழ்ந்து ஐந்தாவது மாடித் தரைக்கு வந்தாள். வாட்ச்மேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் முழுக்கத் தரைப் புழுதி.

"மனுஷி சாகக் கிடக்கிறப்போ உங்களுக்கு டிவி கேக்குதா?" என்றாள். "இன்னைக்கே ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கிறேன்."

"சரிங்கம்மா" என்றார்.

மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துடைத்தபடி திரும்பினார். "எழுதறதுன்னா லிஃப்டைப் பத்தி எழுதுங்க. ரெண்டு இரும்புக் கயிறு அறுந்து போச்சு. பக்கத்துக் கம்பியைக் கவ்வுற பிடி பாதிதான் கவ்வியிருந்தது. நீங்க எந்திரிச்சு நாலு எட்டு வெச்சிருந்தா அதுவும் விட்டிருக்கும். அவங்களை அசைய விடாதீங்க, விஷயத்தையும் சொல்லிடாதீங்க, பயத்துல எந்திரிச்சுடுவாங்கன்னு போன்லயே இவர்கிட்ட நான்தான் சொன்னேன்."

லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில், கீழ் மாடி வரைக்கும் ஒரே இருட்டு. அவள் ஒரு முறைதான் பார்த்தாள்.

யாரோ கொடுத்த தண்ணீரை வாட்ச்மேனால் குடிக்க முடியவில்லை. டம்ளர் கையில் நிற்காமல் ஆடியது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மடக்கு மடக்காகக் குடித்து முடித்தார். "அண்ணே, அந்தப் போட்டியில யாருதான் ஜெயிச்சாங்க?" என்றாள்.

"அப்படி ஒரு போட்டியே நடக்கலம்மா" என்றார் அவர். "யாராவது ஜெயிச்சுட்டா கதை முடிஞ்சு போய், நீங்க எந்திரிச்சுடுவீங்களேன்னு பயந்துதான், ரெண்டு பேரையும் ஜெயிக்க விடாமலே வெச்சிருந்தேன்."