நம்ம வக்கீல்

"இன்னா அண்ணி நீ? எங்க அண்ணனுக்குக் காரியம்கூட முடியல. அதுக்குள்ள எல்லாரையும் வேலைக்குப் போங்கன்னு தொரத்துறியே! முதலாளி உனக்கு இன்னா சொக்குப்பொடி போட்டான்?"

ஆம்பூர்த் தோல் கம்பெனி வாசலில் நின்று கத்தினான் லோகநாதன். கூட இருந்தவர்கள் தனகோடியை முறைத்தார்கள்.

முறைக்காமல் என்ன செய்வார்கள்? காய்ச்சலாக இருக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன அவள் புருஷன் காசியை, மேஸ்திரி வீரபாகு எட்டி உதைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் தள்ளிக் கொன்றான். கூழ் கொண்டுபோன தனகோடி கண்ணாலேயே பார்த்தாள். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தவர்கள்தான், எழுந்திருக்கவில்லை. ஜெர்மன் சண்டைக்குப் போன பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்க வேண்டிய தோலெல்லாம் உள்ளே ஊறிக்கொண்டு கிடந்தது.

"வீரபாகு மேல சர்க்காரே கேஸ் போட்டுடுச்சுப்பா," என்றாள் தனகோடி. "சர்க்கார் வக்கீலே நமக்குப் பேசப் போறாரு. அவருதான் சொன்னாரு, வேலைய நிறுத்தினா ஜட்ஜ் துரைக்கு நம்ம மேல கோவம் வரும், நம்ம கேஸு கெட்டுப்போய்டும்னு."

"நம்ம கேஸுன்னா சொன்னாரு?"

"ஆமாம்பா. எலுமிச்சம்பழம் நீட்டினேன், அதக்கூட வாங்கல. என்னைப் போய் பெஞ்சுல உக்காரச் சொன்னாருன்னா பாத்துக்கோயேன்!"

லோகநாதன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான். அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கேஸ் விசாரணைக்கு வந்த அன்று, துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு ரயிலேறினாள் தனகோடி. காட்பாடியில் இறங்கி வேலூர்க் கோர்ட்டுக்கு நடந்தாள். கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தலையாட்டினார். அவ்வளவுதான். வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தனகோடி வராந்தாவில் ஓடிப்போய் வக்கீலை மறித்தாள்.

"சாமி, என்னை இன்னும் கூப்பிடவே இல்லியே!"

"கேஸை வாபஸ் வாங்கியாச்சும்மா. மேலிடத்து உத்தரவு."

"நம்ம கேஸாச்சே சாமி! நான் கண்ணால பாத்தேனே!"

அவருக்குக் கோபமே வரவில்லை. அன்றைக்கு உட்காரச் சொன்ன அதே கனிவோடுதான் சொன்னார்:

"உங்க ஆளுங்க வேலைக்குத் திரும்பணும்னுதானே கேஸ் போட்டோம்? தோலெல்லாம் கப்பல் ஏறிடுச்சு. இனிமே எதுக்கும்மா கேஸு?"