துரை திரும்பி நின்றார்

“‘புட் அவுட்’டுன்னா எத்தனை அர்த்தம்னு ஒம் புருசனுக்குத் தெரியுமா பஞ்சம்மா?”

மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் பட்லராக இருந்த சுந்தர்ராஜ், சமையல்கட்டு வாசலில் நின்று கிசுகிசுத்தார். கூடத்தில் துரை, எடுபிடி வேலைக்கு வந்த ராக்கையாவைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

பஞ்சம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கண்டிக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

“தெரியும்ண்ணே” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

“என்னத்தத் தெரியும்? முந்தாநாள் வந்தவன்கிட்ட வெளக்கப் ‘புட் அவுட்’டுன்னாக. அணைக்கச் சொல்றாகன்னு தெரியாம, தூக்கிட்டுப் போயி வாசல்ல வச்சுட்டு வந்து நிக்கிறான் அந்த வெவரங்கெட்டவன். அன்னைக்கே மலையவிட்டு எறக்கிட்டாக. எடத்துக்கு எடம் அர்த்தம் மாறும் ஆத்தா. துரை மூஞ்சி, கண்ணு, கை, எல்லாத்தையும் பாத்தாத்தான் பிடிபடும்.”

“அதெல்லாம் நல்லாப் பாப்பாக.”

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. துரை, எரிகிற விளக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “புட் அவுட் த லேம்ப்.”

ராக்கையா திரியை இறக்கி ஊதி அணைத்தான்.

“பரவால்லையே” என்றார் பட்லர்.

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “புட் அவுட் த சேர்ஸ்.”

“இது அணைக்கிறதில்ல. வெளிய கொண்டு போடுறது. மாட்டுனான்” என்று பட்லர் முணுமுணுத்தார்.

போச்சு. துரை இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார் என்று பஞ்சம்மாள் நினைக்கவே இல்லை. ராக்கையா மரம் மாதிரி நின்றான். அவளுக்கு ஓடிப்போய் அவன் தோளைத் தொடலாமா என்றுகூட இருந்தது.

ராக்கையா மெல்ல எட்டி, துரை பார்க்கிற பக்கம் தானும் பார்த்தான். வராந்தாவில் இளவெயில் விழுந்திருந்தது. ஒரு பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டான். அடுத்ததையும் போட்டான்.

துரை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பட்லரிடம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

“பெழச்சுக்கிட்டான். நானே வருசக்கணக்கா வசவு வாங்கித்தான் இதக் கத்துக்கிட்டேன்” என்ற சுந்தர்ராஜ், வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏலே ராக்கையா, நாளைக்கே வந்துரு.”

ராக்கையா அந்தப் பக்கம் பார்த்தபடி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, ஒன்னத்தான். வேலை கெடச்ச மெதப்பப் பாரேன்.”

பஞ்சம்மாள் பட்லரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “துரைகிட்டச் சொல்லிராதீகண்ணே. குமுளி ரோட்டுக்கு வெடி வச்ச அன்னைக்கே அவுகளுக்கு ரெண்டு காதும் போயிருச்சு.”