மேஜையில் கிடந்த டேங்க் யூனிட்

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் ஒழுகியது டேங்க் யூனிட்டில்தான். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று முள்ளுக்குச் சொல்வது அதன் மிதவை. கழற்றித் துடைத்து, வாசலோர மேஜையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். ஓட்டிப் பார்ப்பது எப்போதும் என் மனைவிதான். நான் ஓட்டினால் என் வேலையில் குறையே தெரியாது.

"ஒரு சுத்து போயிட்டு வந்துடறேங்க."

தெருமுனை வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. மேஜையில் பழைய மிதவையும் ஏறி இறங்கியது. காற்றாக இருக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். கார் வளைவில் திரும்பி மறைந்தது. மிதவையும் அதே பக்கம் சாய்ந்தது. அதில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கார் வந்து வாசலில் நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"ஒழுகவே இல்லைங்க. முள்ளும் சரியா காட்டுது."

போன உயிர் திரும்பி வந்தது. மேஜையைப் பார்த்தேன். மிதவை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக. பிறகு யூனிட் மொத்தமும், கவிழும் கார் போலத் தலைகுப்புறப் புரண்டு, அசையாமல் கிடந்தது. வாசலில் காரோ அப்படியே நின்றிருந்தது.

சாவியை நீட்டியபடி அவள் கேட்டாள்: "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"