அடி வாங்குகிறவர்

நெஞ்சில் விழுந்த உதையில் அந்த ரவுடி மல்லாந்து விழுந்தான். "இன்னொரு தடவை கிட்ட வந்தே, தொலைச்சுப்புடுவேன்!" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ரவுடி எழுந்து உட்கார்ந்தான். "சூப்பர்க்கா! அடுத்தவங்க வாங்க" என்றான்.

பெண்களுக்கான தற்காப்பு வகுப்பில் அவனுக்கு அதுதான் வேலை. உடம்பு முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த உடை, முகத்தை மூடிய பெரிய ஹெல்மெட், கைகளில் தடித்த உறை. அவன் பாய வேண்டும், அவர்கள் வெளுத்து வாங்க வேண்டும்.

இதற்கு முன் சினிமாவில் சண்டைக் கலைஞன். கலைஞன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அங்கே அவனுக்கு ஓங்குகிற வேலையே கிடையாது, வாங்குகிற வேலைதான். மேஜை உடைய வேண்டுமா, கண்ணாடி நொறுங்க வேண்டுமா, மேலே வந்து விழுகிற முதுகு அவனுடையது. படப்பிடிப்பில் அவனுக்கு வைத்த பெயரே சேதாரம். கதாநாயகனின் விரல் படுவதற்கு முன்பே பறந்து போய் விழுந்து காட்டியும் வாய்ப்பு நின்றுபோனது.

சினிமாவில் வாங்கிய அடிக்கே தெரு முழுக்கச் சிரித்தது. இப்போது பெண்களிடம் அடி வாங்குகிறான் என்று தெரிந்தால் தலை காட்ட முடியுமா? அதனால், ஊரின் மறுகோடியில் பையன்களுக்குக் கராத்தே சொல்லித்தரும் மாஸ்டர் என்று மனைவியிடம் அளந்து வைத்திருந்தான். உலகத்தில் அவனுக்கு மரியாதை என்று ஒன்று இருந்தால் அது அந்த வீட்டில்தான். அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உள்ளே டிவி அணைந்துவிடும்.

அன்று புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். ஹெல்மெட்டின் கம்பி வழியாகப் பார்த்தான். ஒருத்தி பக்கத்து வீட்டு நர்ஸ். அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்திருந்த இன்னொருத்தி, அவன் மனைவி.

சேதாரத்துக்கு உள்ளே வியர்த்துக் கொட்டியது. கட்டிக் காத்த ஒரே மானமும் இன்றோடு கப்பலேறப் போகிறதே என்று கூசிப்போனான். வகுப்பை நடத்தும் பயிற்சியாளர் அம்மாவிடம் போய் வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"வயிறு சரியில்லையா? இன்னும் ரெண்டே பேருதான் தம்பி. பல்லைக் கடிச்சுக்குங்க."

பிறகு புதியவர்கள் பக்கம் திரும்பினார். "கைகால் பலமெல்லாம் அப்புறம்மா. 'நான் அடி வாங்கப் பொறந்தவ இல்ல'ன்னு முதல்ல மனசு சொல்லணும். தம்பி நிஜ ரவுடி மாதிரியே வருவார், மிரண்டுடாதீங்க. அந்த இடது கையை ஓங்குறாரு பாருங்க, எனக்கே அடிவயிறு கலங்கும். எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, எல்லாம் சினிமாதான் மேடம்னு சிரிப்பார்."

முதலில் வந்த நர்ஸ், சொந்தப் பகை இருப்பதுபோல் அடித்துத் துவைத்துவிட்டுப் போனாள். அடுத்து மனைவி வந்து சுவர் ஓரமாக நின்றாள்.

வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். சேதாரம் ஊமையாக முன்னால் போனான்.

"என்ன தம்பி, நாக்கை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா? மிரட்டிக்கிட்டே போங்க!"

அவன் மிரட்டவில்லை. வழக்கம்போல் இடது கையை மட்டும் ஓங்கினான்.

அவள் உதைக்கவில்லை, கத்தவில்லை. தோள்களைக் குறுக்கிக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் வலது காதைப் பொத்திக்கொண்டன.

"பஞ்சு மூட்டைக்கே இப்படியா?" என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

நல்லவேளை, ஆளைத் தெரியவில்லை என்று அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. சண்டைக்காரன் பெண்டாட்டி இப்படியா நாலு பேர் முன்னால் தொடைநடுங்கியாக உட்காருவாள்?

பயிற்சியாளர் அம்மா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "பயப்படாதீங்கம்மா. அவரு நம்ம ஆளுதான். தலைக்கு ஹெல்மெட் இருக்கு, உடம்பு பூரா பஞ்சு. எவ்வளவு அடிச்சாலும் அவருக்கு வலிக்காது."

அவள் காதிலிருந்து கைகளை மெல்ல எடுத்தாள். அவள் பார்வை ஹெல்மெட் பக்கம் போகவே இல்லை. இறக்க மறந்து இன்னும் ஓங்கியபடியே இருந்த அந்த இடது கையிலேயே நின்றது. அவனும் அந்தக் கையைப் பார்த்தான். பஞ்சுக்குள்ளே உடம்பெல்லாம் கூசியது.

அவள் எழுந்தாள். அவிழ்ந்திருந்த கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"வீட்டுல எனக்குத்தான் மேடம் ஹெல்மெட் இல்ல."