முடியாத சொல்

மௌனசாமி என்று அகராதி அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர். அந்த மௌனசாமி பதவி உயர்வு கேட்டு ஒருநாள் வாயைத் திறந்ததுதான் தப்பாகிவிட்டது. தலைமைப் பதிப்பாசிரியர் 'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதும் வேலையை அவர் தலையில் கட்டினார்.

"நீதான் முடிக்கணும். வேற யாரும் தொடக் கூடாது. அதுவரைக்கும் பதவி உயர்வுன்னு வந்து நிக்காதே."

அது முடிகிற சொல்லா? மூக்கு ஒழுகினாலும் ரன், சாயம் போனாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். தெருவில் ஓடினாலும் ரன், தேர்தலில் நின்றாலும் ரன். 'ஜீப்ரா' எழுதியவன் எல்லாம் மேலே போக, மௌனசாமி பல்லைக் கடித்துக்கொண்டு ரன்னோடு கிடந்தார்.

நிறுவனம் கைமாறியது. எழுதி முடிக்காத சொல் கையில் உள்ளவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் இன்றே கிளம்பலாம் என்றார் புது முதலாளி.

வேலை ஏவியே பழகிய தலைமைப் பதிப்பாசிரியர் கையில் ஒரு சொல்லும் இல்லை. மௌனசாமியிடம் ஓடி வந்தார்.

"தம்பி, ரன்ல பாதியை எனக்குக் குடுப்பா. புள்ளகுட்டிக்காரன்."

"வேற யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அவர் பையோடு படியிறங்குவதை மௌனசாமி ஜன்னல் வழியாக ஆசைதீரப் பார்த்தார். தொலைபேசி அடித்தது. முதலாளி.

"யாரை வச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு நீங்க குடுத்த யோசனை பிரமாதம். ஆமா, ரன் எப்ப முடியும்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்" என்றபடி, போன வருஷமே எழுதி முடித்த ரன்னை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினார் மௌனசாமி.